மூன்று தரமும் வெள்ளை

1

ஒரு பைக்குள் மூன்று சிவப்புப் பந்தும் இரண்டு வெள்ளைப் பந்தும் இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தால் அது வெள்ளையாக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன? இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு மிஸ்டர் பிரைஸ் எங்களைத் திரும்பிப் பார்த்தார். வகுப்பில் பதினாறு பேர். பதினைந்து பேர் குனிந்து எழுதத் தொடங்கினார்கள். நான் மட்டும் கையை உயர்த்தி, "பந்துகளைப் பைக்குள் போட்டது யார்?" என்று கேட்டேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் பகிடிக்குக் கேட்கவில்லை.

"யார் போட்டால் என்ன, மிஸிஸ் நாதன்? பை நேர்மையான பை என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றார் அவர்.

எப்படி வைத்துக்கொள்வது? பையைக் கட்டியவருக்கு ஒரு விருப்பம் இருக்காதா? அவர் மூன்று சிவப்பு என்று சொன்னால் மூன்று சிவப்புத்தானா? எண்ணிப் பார்த்தது யார்? இதையெல்லாம் கேட்கவில்லை. நிகழ்தகவின் முதல் வகுப்பிலேயே பைத்தியம் என்ற பெயர் வேண்டாம் என்று ஐந்தில் இரண்டு என எழுதிவைத்தேன். விடை சரி. ஆனாலும் அடுத்ததாக அவர் ஒரு நாணயத்தைச் சுண்டிக் காட்டியபோது, அதை ஒருதரம் தரச் சொல்லி வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். ஒரு பக்கம் தலை, மறுபக்கம் பூ. சரியாகத்தான் இருந்தது.

மிஸிஸ் நாதன் என்பதும் என் பெயர் இல்லை. என் கணவர் சண்முகநாதன். லண்டனுக்கு வந்த புதிதில் ஒரு கந்தோரில் பத்திரம் நிரப்பினோம். அங்கிருந்த பெண் அந்தப் பெயரை ஒரு பெட்டிக்குள் அடக்க முடியாமல் இரண்டாக வெட்டி, சண்முகத்தை முன்னுக்கும் நாதனைப் பின்னுக்கும் போட்டாள். பிறகு திருத்தப் போனால், நாதனும் சண்முகநாதனும் ஒரே ஆள்தான் என்பதற்குச் சத்தியக் கடதாசி கேட்டார்கள். ஆறு மாதம் அலைந்துவிட்டு நாதனாகவே இருந்துவிட்டோம். இந்த ஊரில் என்னை நம்பாதவர்கள் இருக்கிறார்கள். நானும் பதிலுக்கு ஒருவரையும் நம்புவதில்லை. கணக்குச் சரி.

நாற்பது வயதில் நான் ஏன் மாலை வகுப்புக்குப் போகிறேன் என்று ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் கேட்கலாம். மொத்த வியாபாரக் கொம்பனி ஒன்றில் எழுதுவினைஞராக வேலை செய்கிறேன். அடுத்த படிக்கு ஏறுவதற்கு வணிகப் புள்ளிவிபரவியலில் சித்தியடைய வேண்டும். சராசரி, இடையம், வரைபு எல்லாம் ஒழுங்காகவே போயின. நிகழ்தகவு வந்தபோதுதான் வினை தொடங்கியது. என் வாழ்க்கையே ஒரு பைக்குள் இருந்து எடுத்ததுதான். அந்தப் பையைப் பற்றிய சந்தேகம் பதினெட்டு வருடமாக எனக்குள் கிடக்கிறது.

2

எங்கள் வீடு யாழ்ப்பாணத்தின் வடகரையில், கடலுக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் இருந்தது. அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஐயா பாய்க்கப்பல் நடத்திய தண்டயல். காற்று எந்தத் திசையில் திரும்பும் என்று முன்கூட்டியே சொல்லக்கூடியவர், வீட்டு விஷயத்தில் ஒரு முடிவும் எடுக்கமாட்டார். அம்மா நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டா. வீட்டைப் பார்த்தவ அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா.

எனக்கு இரண்டு இடத்திலிருந்து கலியாணப் பேச்சு வந்தது. ஒன்று சிவராசன். ஐயாவின் சொந்தத் தங்கையின் மகன், எனக்கு உரித்துள்ள மச்சான். அவரும் கடலோடிதான். மற்றது லண்டனில் எக்கவுண்டன்சி படிக்கிற மாப்பிள்ளை. அவரைப் படத்தில் மட்டும் பார்த்தோம். படத்தில் பாதி முகத்தை நிழல் மறைத்திருந்தது. மறைத்த பாதியில் என்ன குறையோ என்று அன்றைக்கே எனக்கு ஐமிச்சம்.

என் மனது சிவராசனிடம் இருந்தது. அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்திருந்தேன். தங்கையை முறிக்கவும் ஐயாவுக்கு மனமில்லை, லண்டனை விடவும் மனமில்லை. கடைசியில் பிள்ளையாரிடம் பூ வைத்துக் கேட்பதென்று முடிவானது.

பூ வைப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் எங்கள் வீட்டு முறையைச் சொல்லவேண்டும். அலரிப்பூ இரண்டு, ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. இரண்டும் ஒரே பருமன். ஒவ்வொன்றையும் வாழையிலைத் துண்டுக்குள் மடித்து நாரால் கட்டவேண்டும். வெள்ளை வந்தால் லண்டன், சிவப்பு வந்தால் சிவராசன். கட்டியது சின்னம்மா. தட்டத்தில் குலுக்கி எடுத்தது குருக்கள். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது. சாமியைச் சந்தேகித்ததாகிவிடும்.

குருக்கள் எடுத்தார். பிரித்தார். வெள்ளை.

ஐயா என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு குருக்களிடம், "இன்னொருக்கா எடுங்கோ" என்றார். குருக்களுக்குப் பிடிக்கவில்லை. "பிள்ளையார் சொல்லிப்போட்டார். பிறகென்ன?" என்றார். ஐயா விடவில்லை. சின்னம்மா பூவைத் திரும்ப மடித்துக் கட்டினா. குலுக்கி எடுத்தார்கள். வெள்ளை. ஐயா மூன்றாந்தரமும் எடுக்கச் சொன்னார். மூன்றாந்தரமும் வெள்ளை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஐயா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மடியிலே கனம், அதுதான் வழியிலே பயம் என்று நினைத்துக்கொண்டேன். லண்டன் ஆசையில் இரண்டு பொட்டலத்துக்குள்ளும் வெள்ளையை வைக்கச் சொல்லியிருக்கிறார். சின்னம்மா தன் அத்தானான ஐயா சொன்னால் தட்டமாட்டா. ஒரு தரம் வந்தால் நான் நம்பமாட்டேன் என்று மூன்று தரம் எடுத்து நாடகம் ஆடியிருக்கிறார். எடுக்காத பொட்டலத்தைச் சின்னம்மா அன்றைக்கே கோயில் கிணற்றில் போட்டுவிட்டா. அதையும் நான் கவனித்தேன்.

மூன்று மாதத்தில் நான் லண்டனில் இருந்தேன். அன்று தொடக்கம் ஐயாவுக்கென்று தனியாக ஒரு கடிதமும் எழுதியதில்லை. சின்னம்மாவுக்கு எழுதுவேன். கடைசி வரியில், "ஐயாவைச் சுகம் விசாரித்ததாகச் சொல்லவும்" என்று முடிப்பேன். இரண்டு தரம் ஊருக்குப் போனேன். இரண்டு தரமும் ஐயாவோடு மழையைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் கதைத்துவிட்டு வந்தேன்.

கணவரைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். படத்தில் நிழல் மறைத்த பாதியிலும் ஒரு குறையும் இல்லை. எக்கவுண்டன்சி மட்டும் முடியவில்லை. தபால் பிரிக்கும் வேலைக்குப் போய் அதிலேயே நிலைத்துவிட்டார். குடி இல்லை, சூது இல்லை, குரல் உயர்த்தியது இல்லை. இத்தனைக்கும் அவரை நான் ஒரு நாளும் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. கடைக்காரன் ஏமாற்றித் தலையில் கட்டிய சேலை நல்ல சேலையாக இருந்தாலும் உடுக்கும்போதெல்லாம் அந்தக் கடைக்காரன் ஞாபகம் வரும். அப்படித்தான்.

3

வகுப்பின் ஆறாவது வாரத்தில் மிஸ்டர் பிரைஸ் மின்குமிழ்க் கணக்கு ஒன்று தந்தார். தொழிற்சாலையில் இரண்டு இயந்திரங்கள். ஒன்று நல்லது, மற்றது பழுதான குமிழ்களை அதிகம் தள்ளுவது. கையில் ஒரு பழுதான குமிழ் இருக்கிறது. அது எந்த இயந்திரத்தில் இருந்து வந்திருக்கும்? விளைவைப் பிடித்துக்கொண்டு காரணத்தைத் தேடிப் போகிற வழி இது என்றார். பதினெட்டு வருடமாக நான் கைக்கணக்காகச் செய்துகொண்டிருந்ததற்கு இவர்கள் ஒரு சூத்திரமே வைத்திருக்கிறார்கள்!

சனிக்கிழமை காலை குசினி மேசையில் கொப்பியை விரித்தேன். பொட்டலங்கள் நேர்மையானவை என்றால், மூன்று தரமும் வெள்ளை வருவதற்கு எட்டில் ஒன்று. இரண்டும் வெள்ளை என்றால், மூன்று தரமும் வெள்ளை வருவது நிச்சயம், அதாவது ஒன்று. ஐயா கள்ளம் செய்திருக்கவும் அரைவாசி, செய்யாமல் இருக்கவும் அரைவாசி என்று தொடங்கினேன். கூட்டிப் பிரித்தால் ஒன்பதில் எட்டு! ஐயா கள்ளம் செய்தார் என்பதற்கு ஒன்பதில் எட்டு. கணக்கே சொல்கிறது. எனக்கு அழுகை வந்தது. வென்றதற்கு ஏன் அழவேண்டும் என்று விளங்கவில்லை.

மகள் சுகந்தி தேநீர் ஊற்ற வந்தவள் கொப்பியை எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பதினாறு வயது, கணக்கில் கெட்டிக்காரி. தமிழை வீடியோப் படங்களில் படித்தவள். எங்கள் வீட்டில் ஒருவரும் கதைக்காத ஒரு தமிழ் அவளுடையது. பந்து எங்கே, பை எங்கே, இது என்ன பூ என்று ஆங்கிலத்தில் கேட்டாள். முழுக்கதையும் சொன்னேன்.

"தாத்தா பொய் சொன்னாரா?" என்றாள் அந்தப் படத் தமிழில்.

"அம்மப்பா எண்டு சொல்லு" என்றேன்.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. பென்சிலை எடுத்து நான் போட்ட அரைவாசியைச் சுற்றி ஒரு வட்டம் கீறினாள். "இந்த அரைவாசி எங்கே இருந்து வந்தது அம்மா? பூ எடுக்க முன்னமே ரெண்டில ஒரு பங்கு அவர் கள்ளன்னு முடிவு பண்ணிட்டீங்களே. ஏன்?"

அவளே அரைவாசியை அழித்துவிட்டுப் பத்தில் ஒன்று என்று போட்டாள். விறுவிறென்று பெருக்கினாள். பதினேழில் எட்டு வந்தது. பாதிக்கும் குறைவு. எவ்வளவு சந்தேகத்தைப் போடுகிறோமோ அதற்கேற்றபடிதான் விடை வரும் என்று சொல்லிவிட்டுத் தேநீரோடு மாடிக்குப் போய்விட்டாள்.

கணவர் அதுவரைக்கும் குசினி வாசலில் சப்பாத்துக்கு மினுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "பூவிலை கள்ளமெண்டு இத்தனை வருசமும் நினைச்சுக்கொண்டே இருந்தனீர்?" என்று கேட்டார். ஒரு நாளும் அவருக்குச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"ஓம்."

"எட்டிலை ஒண்டும் நடக்கிறதுதானே" என்றார். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சின்னம்மாவுக்கு ஒரு கடிதம் போட்டுக் கேளுமன்." சொல்லிவிட்டு மினுக்கிய சப்பாத்தையே திரும்ப மினுக்கத் தொடங்கினார்.

அன்றைக்கே எழுதினேன். சுற்றி வளைக்கவில்லை. 'ஐயா சொல்லி இரண்டுக்குள்ளும் வெள்ளை வைத்தீர்களா? பிள்ளையார் மேல் ஆணையாகச் சொல்லுங்கோ' என்று கேட்டேன்.

4

ஐந்து கிழமை பதில் இல்லை. பதில் வராததும் எனக்கு ஒரு சாட்சியாகவே பட்டது. ஆறாம் கிழமை விமானக் கடிதம் வந்தது. சின்னம்மா கதைப்பது போலவே எழுதுவா:

"பிள்ளை ராணி, ஆணை போட்டுக் கேட்டபடியாலை சொல்லுறன். ரெண்டும் வெள்ளைதான். கொப்பர் சொல்லேல்லை. அந்தாளுக்கு இண்டைவரைக்கும் ஒண்டும் தெரியாது. வந்து சொன்னது சிவராசன். பூ வைக்கிறதுக்கு முதல்நாள் குசினிப் பக்கத்தாலை வந்தவன். மாமி, எனக்கு ராணியிலை விருப்பமில்லை, தொண்டைமானாத்திலை ஒரு பிள்ளைக்கு வாக்குக் குடுத்திட்டன், மாமாவின்ரை முகத்துக்கு நேரே மாட்டன் எண்டு சொல்லேலாது, நீங்கள்தான் காப்பாத்தவேணும் எண்டு என்ரை காலிலை விழுந்தவன். விருப்பமில்லாதவனுக்கு உன்னைக் கட்டிக் குடுத்து என்ன செய்யிறது? நான்தான் செய்தனான். பாவமெண்டால் எனக்கு. கொப்பருக்கு மட்டும் சொல்லிப்போடாதை. பிள்ளையாரே சொன்னவர் எண்டு நம்பிக்கொண்டிருக்கிற மனிசன்."

லண்டன் மாப்பிள்ளையைச் சந்தேகித்தேன். குருக்களைச் சந்தேகித்தேன். ஐயாவை ஒன்பதில் எட்டு சந்தேகித்தேன். சிவராசனை ஒரு நாளும் சந்தேகிக்கவில்லை. நான் வெளிக்கிட்டு ஆறு மாதத்துக்குள் அவர் தொண்டைமானாற்றில் கலியாணம் முடித்ததைக் கேட்டு, என்னை இழந்த துக்கத்தில் முடித்தார் என்று எத்தனை வருடம் உருகியிருக்கிறேன்! தேர்த்திருவிழாவில் அவர் என் பக்கம் பார்த்துச் சிரித்ததைப் பொக்கிஷமாக வைத்திருந்தேனே. அன்றைக்கு எனக்குப் பக்கத்தில் நின்றது யார்? வெட்கத்தில் காது சுட்டது.

கணக்கில் நிகழக்கூடிய எல்லாவற்றையும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஒன்றை விட்டாலும் விடை பிழைக்கும் என்று மிஸ்டர் பிரைஸ் வாரா வாரம் சொல்வார். நான் விட்டது, என்னை ஒருவருக்குப் பிடிக்காமல் இருக்கலாம் என்ற ஒன்றை.

உடனே அடுத்த சந்தேகமும் வந்தது. பழக்கம் விடுமா? ஐயாவைக் காப்பாற்றச் சின்னம்மா கதை கட்டுகிறாவோ? கடிதத்தைக் கணவரிடம் நீட்டினேன். அவர் இரண்டு தரம் வாசித்தார்.

"அப்ப நான் எட்டிலை ஒண்டில்லை. நிச்சயம்" என்றார். சிரிக்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை. பிறகு, "எனக்கு ஒண்டுதான் விளங்கேல்லை. மாமா கள்ளம் செய்திருந்தால், வெள்ளை வந்த உடனை எழும்பிப் போயிருப்பார். விரும்பினது வந்தாப்பிறகு ஆரும் திரும்ப எடுக்கச் சொல்லுவினமே?" என்றார்.

பதினெட்டு வருடம் கையில் வைத்திருந்த சாட்சி அது. மூன்று தரம் எடுத்ததைத்தான் கள்ளத்துக்கு அத்தாட்சி என்று வைத்திருந்தேன். அதை ஒரு நாளாவது மறுபக்கம் திருப்பிப் பார்க்கவில்லை.

5

சோதனை முடிந்தது. பை ஒன்றும் வந்தது. யார் கட்டியது என்று கேட்காமல் விடை எழுதினேன். சித்தியடைந்த செய்தியும் வந்தது. கணவர் கேக் வாங்கிவந்தார். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. ஐயாவோடு கதைக்கவேண்டும் என்பதே யோசனை. அவருக்கு எண்பதாகப் போகிறது. சின்னம்மாவுக்கு எழுதி நாள் குறித்தேன். எங்கள் ஒழுங்கையில் சங்கக்கடை மனேச்சர் வீட்டில் மட்டும் தொலைபேசி இருக்கிறது. ஞாயிறு பின்னேரம் ஐயாவை அங்கே கூட்டிவந்து இருத்துவதென்று ஏற்பாடு.

இங்கே காலை. ஒப்பரேட்டரிடம் சொல்லிவிட்டுக் கீழ்மாடி நடையில் ஒரு மணித்தியாலம் காத்திருந்தேன். மணி அடித்தது. மூன்று நிமிஷம்தான் என்றார்கள். கடல் இரைவது போல ஒரு இரைச்சல். அதற்குள்ளிருந்து, "ஆரது?" என்று ஐயாவின் குரல்.

"நான் ராணி, ஐயா."

"ராணியோ? என்ன பிள்ளை, ஆருக்கும் வருத்தமோ?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. உங்களோடை கதைக்கத்தான் எடுத்தனான்."

"என்னோடையோ?" என்றார். அவர் திகைத்ததே எனக்கு அடியாக விழுந்தது.

நேரம் ஓடியது. கேட்டுவிட்டேன். "கோயிலிலை பூ எடுக்கேக்கை மூண்டு தரம் எடுக்கச் சொன்னனீங்கள். ஏன் ஐயா?"

ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"உன்ரை முகம் வாடிப்போச்சு, பிள்ளை" என்றார். "முதல் வெள்ளை வந்தோடனை பாத்தனான். சிவப்பு ஒண்டு வராதோ எண்டுதான் திரும்பத் திரும்ப எடுப்பிச்சனான். பிள்ளையார் விடேல்லை. நான் என்ன செய்ய? வரேக்கை உன்ரை முகத்தைப் பாக்கவே எனக்குத் தைரியமில்லை."

அன்றைக்குக் கோயிலில் எனக்காகச் சிவப்பு வரவேண்டும் என்று நின்ற ஒரே ஆள் அவர்தான். அந்த ஆளைத்தான் நான் பதினெட்டு வருடம் தள்ளிவைத்திருக்கிறேன். சொல்லிவிடவேண்டும், இப்போதே சொல்லிவிடவேண்டும் என்று அவசரம் பிடித்தது.

"ஐயா, நான் உங்களிலை சந்தேகப்பட்டனான்" என்றேன்.

"என்ன? கேக்கேல்லை."

"சந்தேகப்பட்டனான், ஐயா! இத்தனை வருசமும்!" கத்தினேன். கணவர் குசினியில் இருந்து நடைக்கு வந்து நின்றார்.

"சந்தோசப்பட்டனியோ?" என்றது ஐயாவின் குரல். "இத்தனை வருசமும் சந்தோசமோ? மெய்யே, பிள்ளை? நீ எழுதுறதேயில்லை. அங்கை என்ன பாடோ எண்டு நான் ஒவ்வொரு நாளும் நினைக்கிறனான். சந்தோசமெண்டால் எனக்கு அது போதும். அது போதும்."

அவர் அழுகிறார் என்று குரலில் தெரிந்தது. ஒப்பரேட்டர் இடையில் புகுந்து நேரம் முடிகிறது என்றாள். திருத்த நேரம் இருந்தது, ஒரு சொல்லுக்கு நேரம் இருந்தது. நான் கணவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "ஓம் ஐயா, சந்தோசம்தான்" என்று வீதி முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.